சமக்குறிகள் படிக்கட்டில் இறங்குகின்றன: அச்சுக்கோப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
நூல் அச்சுக்கோப்பு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பயிற்சி நூலின் மெய்ப்பில் சமன்பாடுகள் அளவு பிறழ்ந்தும் வரிசை குலைந்தும் இருப்பது, கூடுதல் கட்டணமின்றித் திருத்தித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். 212 பக்கக் கையெழுத்துப் படியையும் 8,000 ரூபாய் முன்பணத்தையும் தை மாதம் உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். மெய்ப்பு சித்திரையில்தான் வந்தது. தாமதத்துக்காக நான் எழுதவில்லை. கண்புரை அறுவைக்குப் பின் எனக்கும் அந்த இடைவெளி தேவைப்பட்டது. என்னை எழுத வைத்தது உங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்ன பதில். கணித நூல்களைக் கோக்கும் மென்பொருளான லேடெக்கில் பல வரிச் சமன்பாடு அப்படித்தான் வரும், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அப்படி வராது. பள்ளி வினாத்தாள்களை நானே பத்தாண்டுகள் லேடெக்கில் கோத்தவன். கண் ஒத்துழைத்திருந்தால் இந்த நூலையும் உங்களிடம் கொண்டுவந்திருக்க மாட்டேன். பதிலைக் கேட்ட அன்றே நீங்கள் அனுப்பிய மூலக்கோப்பைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன்.

47ஆம் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வரிகளில் முடியும் ஒரு சுருக்கல் கணக்கு. ஒவ்வொரு வரியையும் தனித்தனிச் சமன்பாடாக அடித்து, ஒவ்வொன்றையும் பக்கத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். வரியின் நீளம் மாற மாறச் சமக்குறியும் இடம் மாறுகிறது. அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு கிழித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆறு சமக்குறிகளில் கோட்டின் மேல் உட்காருவது ஒன்றே ஒன்று. மாணவனின் கண் சமக்குறியைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வரிக்கு இறங்கும். 1557இல் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு இணையான இரு கோடுகளைச் சமக்குறியாக எடுத்துக்கொண்டபோது, அவற்றைவிட ஒத்த இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணம் சொன்னார். அந்தக் குறியே ஒழுங்கில்லாமல் நின்றால் எப்படி? லேடெக்குக்கான அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கட்டளைத் தொகுப்பில் 'அலைன்' என்ற சூழல் இதற்கென்றே இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் சமக்குறிக்கு முன்னால் ஓர் உம்மைக்குறி (&) போட்டால் போதும், எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும்.

63ஆம் பக்கத்தில் யாரோ வரிசைப்படுத்த முயன்றிருக்கிறார், அதுவே வேறு வினையாகிவிட்டது. நீள்வட்டத்தின் பரப்பைத் தொகையிட்டுக் காணும் கணக்கு அது. முதல் வரியில் தொகைக்குறி நெட்டையாக, கம்பீரமாக நிற்கிறது. அடுத்த மூன்று வரிகளில் அதே குறி பாதி உயரத்துக்குக் குறுகி, பின்னங்கள் எறும்பாகி, மேல் வரியின் பகுதியும் கீழ் வரியின் தொகுதியும் ஒன்றையொன்று முட்டுகின்றன. மூலக்கோப்பில் காரணம் இருந்தது. அந்த மூன்று வரிகளையும் 'அரே' என்ற கட்டத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். கட்டத்துக்குள் போனவற்றை லேடெக் உரைநடை நடுவே வரும் கணக்காகக் கருதிச் சிறிதாக்கிவிடும். 'அலைன்' சூழலுக்குள் போனவற்றை முழு அளவில் வைக்கும். கட்டம்தான் வேண்டும் என்றால் முழு அளவில் வைக்கச் சொல்லும் 'டிஸ்பிளேஸ்டைல்' கட்டளையை ஒவ்வொரு அறையிலும் இட்டு, வரிகளுக்கிடையே இடமும் விட வேண்டும். இரண்டும் செய்யப்படவில்லை.

இனி 88ஆம் பக்கம். என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். சமன்பாடு பக்க அகலத்தைத் தாண்டுகிறது என்பதற்காக, 'ரீசைஸ்பாக்ஸ்' போட்டு முழுவதையும் படம்போலச் சுருக்கியிருக்கிறார்கள். சுற்றியுள்ள எழுத்து 11 புள்ளி. சமன்பாடு அதில் ஏறக்குறைய பாதி. அடுக்கில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று உருப்பெருக்கி வைத்துத்தான் கண்டுபிடித்தேன். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உருப்பெருக்கியோடு உட்காருமா? நீண்ட சமன்பாட்டை ஒடிக்க வேண்டும், சுருக்கக் கூடாது. கூட்டல் அல்லது கழித்தல் குறிக்கு முன்னால் ஒடித்து, அந்தக் குறியோடு அடுத்த வரியைத் தொடங்கி, சமக்குறிக்குச் சற்று வலப்புறம் தள்ளி வைப்பதுதான் வழக்கம்.

ஒடித்த இடங்களிலும் அரைகுறை. 90ஆம் பக்கத்தில் முதல் வரியில் திறக்கும் அடைப்புக்குறி பின்னத்தின் உயரத்துக்கு எழும்பியிருக்கிறது. இரண்டாம் வரியில் மூடும் குறி அதன் இடுப்பளவுகூட இல்லை. தானாக அளவெடுக்கும் கட்டளை அந்தந்த வரியை மட்டுமே பார்க்கும் என்பதை உங்கள் ஊழியர் அறியவில்லை. இந்த மாதிரி இடத்தில் 'பிக்' வகைக் கட்டளைகளில் ஒன்றை எடுத்து இரு குறிகளுக்கும் ஒரே அளவைக் கையால் கொடுக்க வேண்டும். 112ஆம் பக்கத்தில் "எனவே" என்ற ஒற்றைச் சொல்லுக்காக வரிசையை முறித்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். வரிசை குலையாமல் நடுவே சொல்லை நுழைக்கும் 'இன்டர்டெக்ஸ்ட்' கட்டளை இருக்கும்போது அது தேவையே இல்லை.

மென்பொருளின் மேல் பழி போடும் முன் அது பிறந்த கதையை உங்கள் ஊழியருக்குச் சொல்லுங்கள். 1977இல் தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகின்மையைச் சகிக்க முடியாமல்தான் கணினி அறிஞர் டொனால்டு கனூத் 'டெக்' நிரலை எழுதத் தொடங்கினார். லேடெக் அதன் மேல் எழுந்த கட்டடம். என் நிலையில் இருந்த ஒரு நூலாசிரியரின் கோபத்தில் பிறந்ததைக் காட்டியே என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள்.

என் தந்தையார் இதே பவானியில் ஜமக்காளத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர். பட்டை ஒன்று விரலளவு கோணினாலும் முதலாளி வாங்க மாட்டார். பிரித்து நெய்ய வேண்டும், பிரித்த நாளுக்குக் கூலி கிடையாது. தறி அப்படித்தான் நெய்யும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

பல வரிச் சமன்பாடு வரும் பக்கங்கள் மொத்தம் 74. பட்டியலை இணைத்திருக்கிறேன். அவற்றை மறுபடி கோத்து, வைகாசி 20ஆம் தேதிக்குள் புதிய மெய்ப்பை அனுப்ப வேண்டும். முடியாது என்றால் 8,000 ரூபாயையும் கையெழுத்துப் படியையும் திருப்பித் தந்துவிடுங்கள். மூலக்கோப்பை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை, அதனால் எனக்குப் பயனில்லை.

காலையில் பிள்ளைகள் தனிப்பயிற்சிக்கு வருவார்கள். பேச வேண்டுமானால் மாலை நான்கு மணிக்கு மேல் அழையுங்கள். சமன்பாட்டைக் கோத்தவரே பேசினால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூலாசிரியர்

இணைப்பு: சிவப்புக் கோடிட்ட 47ஆம் பக்கம்; 74 பக்கங்களின் பட்டியல்.