உடைப்பதற்கு முன் ஒரு கல் எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரக் கல்குவாரிகள் பற்றிப் போன வாரம் நம் நாளிதழில் வந்த செய்தியில், "எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கருங்கல்" என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. குவாரி வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. ஆனால் முப்பது வருடம் நிலவியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்த ஒரு வரியை விட்டுவிட மனசு வரவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்துப் பாறைகளில் பலவற்றுக்கும் எரிமலைக்கும் சம்பந்தமே கிடையாது.

ராஜபாளையத்திலும் தேனி மாவட்டம் கெங்குவார்பட்டியிலும் கிடைக்கும் சில பாறைகள் ஆதியில் களிமண் படிவுகள். பூமிக்குள் புதைந்து, கொஞ்சம் உருகிப் பிரிந்தது போக, மிச்சம் திடமாக இருந்தபடியே வெந்து வேறு கல்லாக மாறிவிட்டது. உருமாறிய பாறை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். எவ்வளவு சூட்டில் வெந்தது, எவ்வளவு ஆழத்தில் என்பதெல்லாம் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. செங்கல் வாங்கப் போகிறவர் இரண்டு கல்லைத் தட்டி, ஓசையையும் நிறத்தையும் வைத்தே "இது சரியா வேகல" என்று சொல்லிவிடுவார், சூளை எரிந்தபோது அவர் அங்கே இருக்கவில்லை. நாங்கள் தட்டுவதற்குப் பதிலாகக் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும்படி ஆக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறோம்.

ராஜபாளையத்துக் கல்லில் சாஃபிரின் என்ற கனிமமும் குவார்ட்ஸும் (நம் ஊர் வெங்கச்சங்கல்தான்) ஒட்டி உரசிக்கொண்டு இருக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து உருவாக 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், அதாவது நல்ல செங்கல் சூளைச் சூடு, அதுவும் சுமார் 25, 30 கிலோமீட்டர் பாறை மேலே அழுத்திக்கொண்டிருக்கும்போது.

கெங்குவார்பட்டிக் கல்லில் எனக்குப் பிடித்தது அதிலுள்ள கார்னெட் என்ற கனிமம். நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு மணி, ஆனால் அதன் விளிம்பு கறையான் அரித்த மரம் மாதிரி இருக்கும், சுற்றிலும் புழு நெளிந்தது போல வேறு கனிமங்கள் மெல்லிசாகப் பின்னிக்கொண்டு நிற்கும். மாணவர்கள் முதலில் இதைப் பார்த்துவிட்டு 'கெட்டுப்போன கல்' என்பார்கள். கார்னெட் நெருக்கமாகக் கட்டப்பட்ட, கனமான கனிமம், அழுத்தம் இருக்கும்வரை தாங்கும். மேலே உள்ள பாரம் குறைந்து, சூடு மட்டும் இன்னும் குறையாமல் இருந்தால், கார்டியரைட் போன்ற இடம் அடைக்கும் லேசான கனிமங்களாக விளிம்பிலிருந்து சிதைய ஆரம்பிக்கும். சூடு முதலில் ஆறியிருந்தால் இந்த அரிப்பே நடந்திருக்காது. அப்படியானால் பாறை ஆறுவதற்கு முன்பே மேலே ஏறி வந்திருக்கிறது! அந்த நெளிந்த விளிம்பு இல்லாவிட்டால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது.

இன்னொரு வழியும் உண்டு. கார்னெட்டும் பக்கத்தில் இருக்கும் கறுப்பு மைக்காவும் இரும்பையும் மெக்னீசியத்தையும் மாற்றிக்கொள்ளும், சூடு ஏற ஏற கார்னெட்டுக்குப் போகும் மெக்னீசியத்தின் பங்கு கூடும். அந்த விகிதத்தை அளந்து வெப்பநிலையைக் கணக்கிட 1978-இல் ஃபெர்ரி, ஸ்பியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் சோதித்து ஒரு சூத்திரம் தந்தார்கள். ஆனால் பாறை ஆறும்போதும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டே இருக்கும், அதனால் இவ்வளவு சூடு கண்ட பாறைகளில் கணக்கு உச்சத்தைவிடக் குறைவாகத்தான் வரும். ஒரே ஒரு எண்ணை நம்பி எழுதுவது தப்பு என்று நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எந்தக் கனிமம் எதற்குள் சிக்கியிருக்கிறது, எது எதைத் தின்றிருக்கிறது என்று வரிசையைப் பார்க்க வேண்டும். அப்புறம் மோனசைட், ஜிர்கான் என்ற கனிமங்களின் துகள்களில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவை வைத்து வயது கணிக்கிறார்கள், மதுரை வட்டாரப் பாறைகள் வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் கோண்ட்வானா என்று ஒரே நிலமாக ஒட்டிய காலத்தில்.

இப்போது என் கோரிக்கை. நான் வருடாவருடம் மாணவர்களை அழைத்துப் போன ஓர் ஓடைக்கரைப் பாறை, சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. தேங்காய் அளவு நாலு கல், எடுத்த இடமும் திசையும் எழுதி ஒட்டி யாராவது வைத்திருந்தால் போதுமாக இருந்தது. பரங்கிமலைச் சார்னோக்கைட் பாறையைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறோம், ஆனால் எல்லாப் பாறைக்கும் வேலி போட முடியாது. குவாரிக்கு அனுமதி தரும்போதே, உடைக்கும் முகப்பு ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு மாதிரிக் கல்லை மாவட்டத்தில் நிலவியல் துறை உள்ள ஏதாவது ஒரு கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். செலவு ஒரு சாக்குப்பையும் வண்டி வாடகையும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.