கடலுக்குள் போகும் மீட்டரும் கரையில் இருக்கும் பாட்டிலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடல்நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை ஆளில்லாக் கலங்கள் அளந்து வருவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதை எப்படி அளக்கிறார்கள் என்று தமிழில் எழுத முன்வந்ததற்கு நன்றி. ஆனால் இனிமேல் கப்பலும் தேவையில்லை, தண்ணீர் மொண்டு சோதிக்கும் ஆளும் தேவையில்லை என்ற தொனியில் கட்டுரை முடிந்தது உறுத்தியது. 30 வருடம் வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்களோடு நின்றவன் நான். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மீட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கினார்கள். இரண்டு தசமம் வரை எண் காட்டும். சுற்றுவட்டாரக் கிணறுகளின் தண்ணீரைக் கொண்டுவந்து மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் அளந்தார்கள். கடைசியில்தான் தெரிந்தது, மீட்டரைச் சரிபார்க்கும் பஃபர் கரைசல் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. புதுக் கரைசலுக்கு எழுதிக் கேட்டும் வாங்கித் தரவில்லை. அந்தப் பிள்ளைகள் நோட்டில் எழுதிய ஒரு எண்ணைக்கூட நம்ப முடியவில்லை. மீட்டரில் பழுது இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சரியான பொருள் இல்லை. கடலிலும் நிலைமை இதேதான், அளவு மட்டும்தான் பெரிது.

கடலில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடிக்க நான்கு அளவுகள் உண்டு: கரைந்த கனிமக் கார்பனின் மொத்தம், காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்), பி.எச்., தண்ணீரில் அந்த வாயுவின் பகுதி அழுத்தம் (அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம்). இவற்றில் ஏதாவது இரண்டு தெரிந்தால் மற்ற இரண்டையும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். பகுதி அழுத்தத்தை நேரடியாக அளப்பதானால், தண்ணீரோடு ஒரு சிறிய காற்றுப்பையைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, அந்தக் காற்று அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்க வேண்டும். கடலின் மேலே மிதக்கும் கலத்தில் இதைச் செய்யலாம். அளவு தெரிந்த வாயுவைச் சிலிண்டரில் கூடவே அனுப்பி, கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளவும் வைக்கலாம்.

தண்ணீருக்குள் போகும் கிளைடரின் நிலைமை வேறு. அதற்குப் புரொப்பெல்லர் கிடையாது. உள்ளே இருக்கும் எண்ணெயை ஒரு பைக்குத் தள்ளியும் இழுத்தும் மிதப்பை மாற்றி, இறக்கையால் சறுக்கிச் சறுக்கிப் போகிறது. வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டும். பகுதி அழுத்தத்தை நேராக அளப்பதானால், சவ்வு வழியாக வாயு கசிந்து சமநிலைக்கு வர நிமிடக்கணக்கில் ஆகும். அதற்குள் கிளைடர் வேறு ஆழத்துக்குப் போய்விடும். அதனால் கிளைடர்களிலும், நீரோட்டத்தோடு போய் ஆழத்துக்கும் மேலுக்குமாக ஏறி இறங்கும் ஆர்கோ மிதவைகளிலும் பெரும்பாலும் சிப் வகை பி.எச். உணரியைத்தான் பொருத்துகிறார்கள். காரத்தன்மையை உப்பு, வெப்பம் முதலியவற்றிலிருந்து மதிப்பிட்டுக்கொண்டு, இரண்டையும் வைத்து வாயுவின் அளவைக் கணக்கிடுகிறார்கள். கட்டுரை இதைச் சொல்லவில்லை. கலம் வாயுவையே நேராக அளப்பதுபோல எழுதியிருந்தது.

இதில் என்ன ஆபத்து? பி.எச்.சில் 0.01 தவறினால் வாயுவின் அழுத்தக் கணக்கில் இரண்டரை சதவீதம் தவறும். அதாவது 400 மைக்ரோ அட்மாஸ்பியர் (அழுத்தத்தின் ஓர் அலகு) என்றால் அதில் சுமார் 10. காற்றுக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசமே பல இடங்களில் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கடல் வாயுவை உள்ளே இழுக்கிறதா, வெளியே விடுகிறதா என்று முடிவு சொல்கிறார்கள்.

தென்முனைக் கடலில் இதுதான் நடந்தது. குளிர்காலத்தில் கப்பல்கள் அங்கே போவது அபூர்வம். 2014 முதல் பி.எச். உணரி பொருத்திய மிதவைகளை அங்கே விட்டார்கள். அன்டார்க்டிகாவைச் சுற்றி ஆழத்துத் தண்ணீர் மேலெழும் பகுதியில் குளிர்காலத்தில் கரியமில வாயு எதிர்பார்த்ததைவிட நிறைய வெளியேறுகிறது என்று 2018இல் முடிவு வந்தது. அது சரி என்றால் தென்முனைக் கடல் நாம் நினைத்த அளவுக்கு வாயுவை விழுங்கவில்லை. அப்புறம் 2021இல், 2009 முதல் 2018 வரை விமானங்களில் எடுத்த அளவுகளை வைத்து இன்னொரு குழு, இல்லை, அந்தக் கடல் நன்றாகவே விழுங்குகிறது என்றது. இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள்தான்.

இடையில் 2019இல் செயில்ட்ரோன் என்ற ஆளில்லாப் பாய்மரக் கலம் நியூசிலாந்தின் பிளஃப் துறைமுகத்திலிருந்து கிளம்பி, 196 நாளில் 22,000 கிலோமீட்டர் ஓடி அன்டார்க்டிகாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வழியில் பனிப்பாறையில் மோதிச் சில கருவிகள் சேதமாயின. இதை உங்கள் கட்டுரை நீர்மூழ்கி என்கிறது. அது நீரின் மேல் ஓடும் கலம். அதனால்தான் அது பகுதி அழுத்தத்தை நேராகவே அளக்க முடிந்தது. மணிக்கு ஒருமுறை எடுத்த அந்த அளவுகளை ஆராய்ந்தவர்கள், எந்தக் காற்று வேகத் தரவைக் கணக்கில் சேர்க்கிறோம், எவ்வளவு இடைவெளியில் அளக்கிறோம் என்ற இரண்டுமே பெரிய பிழைகளைக் கொண்டுவருகின்றன என்று காட்டினார்கள். எனக்கு அந்தச் சாகசப் பயணத்தைவிட இந்த முடிவுதான் பெரிதாகப் படுகிறது.

சரி, மிதவையில் இருக்கும் பி.எச். உணரி காட்டும் எண் நாளாக ஆகச் சரியான அளவிலிருந்து விலகிப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத் திரும்ப எடுத்துவந்து பஃபரில் முக்க முடியாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சுமார் 1500 மீட்டர் ஆழத்தில் பி.எச். அதிகம் மாறாது. அங்கே உணரி காட்டும் எண்ணை, அந்த இடத்தில் இருக்க வேண்டிய எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். இருக்க வேண்டிய எண் எங்கிருந்து வருகிறது? பல பத்தாண்டுகளாகக் கப்பல்களில் போனவர்கள் குளிரிலும் அலையிலும் நின்று பாட்டிலில் பிடித்துச் சோதித்த தண்ணீரிலிருந்து. ஆளில்லாக் கருவி நிற்பது அந்த ஆட்களின் தோளில்.

அந்தக் கப்பல் ஆய்வகங்களும் எதையோ வைத்துத்தான் தங்களைச் சரிபார்க்கின்றன. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் ஆண்ட்ரூ டிக்சனின் ஆய்வகம் 1990 வாக்கிலிருந்து கடல்நீரைச் சுத்திகரித்து, கெடாமல் இருக்கப் பாதரச குளோரைடு சேர்த்து, கார்பன் அளவையும் காரத்தன்மையையும் துல்லியமாகக் குறித்து, பாட்டிலில் அடைத்து அனுப்பி வருகிறது. உலகின் பெரும்பாலான ஆய்வகங்கள் அந்தப் பாட்டிலைத்தான் நம்பியிருக்கின்றன. கொரோனா காலத்தில் அங்கே வேலை தடைப்பட்டபோது எல்லோருக்கும் தட்டுப்பாட்டுப் பயம் வந்தது. கோடிக்கணக்கில் கருவிகளை வாங்கிக் கடலில் விடும் நாடுகள் இப்படி ஒற்றை இடத்தைச் சார்ந்திருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

வங்காள விரிகுடாவுக்கு இது இன்னும் பொருந்தும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொட்டும் நன்னீரால் மேல்மட்டத்தில் உப்பும் காரத்தன்மையும் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. திறந்த பெருங்கடலுக்கு எழுதிய காரத்தன்மைச் சூத்திரத்தை இங்கே அப்படியே போட்டால் கணக்கு உதைக்கும். விரிகுடாவின் நடுவே, 15 பாகை வடக்கு, 90 பாகை கிழக்கில், 2013 நவம்பரில் நங்கூரமிட்டு நிறுத்திய மிதவைதான் இங்கே கரியமில வாயுவையும் பி.எச்.சையும் தொடர்ந்து அளக்கத் தொடங்கியது. ஒரு விரிகுடாவுக்கு ஒரு புள்ளி போதாது, கிளைடர்கள் வரத்தான் வேண்டும். நான் அவற்றுக்கு எதிரி இல்லை. ஆனால் ஒவ்வொரு கிளைடருக்கும் பணம் ஒதுக்கும்போதே, அது போகும் பாதையில் பாட்டிலில் தண்ணீர் எடுக்கும் கப்பல் நாட்களுக்கும், காரத்தன்மையை டைட்ரேஷன் செய்து (அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து) அளக்கும் ஆய்வக ஊழியரின் சம்பளத்துக்கும், ஒப்பீட்டுப் பாட்டில்களை நம் நாட்டிலேயே தயாரிப்பதற்கும் அதே தாளில் ஒதுக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கலத்தின் படத்தோடு கப்பலின் பின்தளத்தில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்குமிழி புகாமல் பாட்டிலை நிரப்பும் ஆய்வாளர் ஒருவரின் படத்தையும் போடுங்கள். பியூரெட் (டைட்ரேஷனுக்கான அளவுக் குழாய்) பிடிக்கும் வேலை முடிந்துபோன வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊர் பி.எஸ்சி. பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தூத்துக்குடி.