வில்லன் முதலில் சாப்பிடச் சொல்வான்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. அடுத்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு யாரை வில்லனாகப் போடலாம் என்று நீ அனுப்பிய பட்டியல் வந்தது. ஏழு பெயர், ஏழு வரி, ஒவ்வொன்றின் முடிவிலும் முற்றுப்புள்ளி. போன வருஷம் வரை இதே விளையாட்டுக்கு நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று குரலிலேயே அனுப்புவாய். நடுவில் குறுக்கே பேச்சு கேட்கும், சிரிப்பு கேட்கும். இப்போது டைப் அடித்து அனுப்புகிறாய். வேலை இருக்கும், சரி. ஃபோனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்பாய். அதனால்தான் நானும் எழுதிவிட்டேன். அப்பாவுக்குச் சுகர் பரவாயில்லை. மாடிக்காரர் மோட்டார் விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

பட்டியலுக்கு வருகிறேன். முதல் இரண்டு பேரை அடித்துவிட்டேன். இருவரிடமும் இருப்பது உடம்பு. உடம்பு அடியாளுக்கு வேண்டும், முதலாளிக்கு வேண்டாம். 1964-இல் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் தொப்பியை வீசிக் கொல்லும் அடியாள் ஆட்ஜாபாக வந்த ஹெரால்ட் சகாட்டா, 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பளுதூக்கி வெள்ளி வாங்கியவர். படம் முழுக்க உருப்படியாக ஒரு வார்த்தை பேசமாட்டார். இரும்புப் பல் அடியாளாக வந்த ரிச்சர்ட் கீல் ஏழடி இரண்டங்குலம். இரண்டு படமும் சேர்த்து அவருக்கு ஒரே ஒரு வசனம். முதலாளி உட்கார்ந்திருப்பவன், தம்பி. அவன் எழுந்து ஓட ஆரம்பித்தால் படம் முடியப் போகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது ரால்ஃப் ஃபைன்ஸ். நல்ல தேர்வுதான், ஆனால் 2012-லிருந்து அவர் பாண்டின் மேலதிகாரி 'எம்' ஆயிற்றே! வேஷம் மாறியவர்கள் இல்லாமல் இல்லை. சார்லஸ் கிரே 1967-இல் பாண்டுக்கு உதவி செய்து செத்தார், 1971-இல் பாண்டின் பெரிய எதிரி ப்ளோஃபெல்டாகவே வந்தார். ஜோ டான் பேக்கர் 1987-இல் ஆயுத வியாபாரி, 1995-இல் சிஐஏ நண்பர். அவர்களெல்லாம் வந்து போனவர்கள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போட்டவரை அப்படி மாற்ற முடியாது.

நீ முகத்தைப் பார்த்து வில்லன் தேடுகிறாய். அங்கேதான் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு தேட வேண்டும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? 007 படங்களே அப்படித்தான் செய்தன. 1963-இலும் 1965-இலும் பூனையைத் தடவிக்கொண்டிருந்த ப்ளோஃபெல்டுக்கு முகமே கிடையாது. உடம்பு ஆண்டனி டாசனுடையது, குரல் எரிக் போல்மன் கொடுத்தது. அடோல்ஃபோ செலி ஒற்றைக்கண் வில்லன் லார்கோவாக நடித்தார், பேசியது ராபர்ட் ரியட்டி. கெர்ட் ஃப்ரோப ஜெர்மன்காரர், கோல்ட்ஃபிங்கர் வசனத்தை ஒலியாக மனப்பாடம் பண்ணிச் சொன்னார். வேகம் பத்தவில்லை. வாய் மெதுவாக அசைந்தால் டப்பிங் குரலும் இழுத்து இழுத்துப் பேச வேண்டிவரும், வில்லன் தூக்கத்தில் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் அவரை இரண்டு மடங்கு வேகத்தில் பேச வைத்துப் படம் பிடித்து, மைக்கேல் காலின்ஸ் குரலைப் பொருத்தினார்கள். முகம் ஒருவருடையது, பயம் இன்னொருவருடையது. அந்தக் காலத்து பாண்ட் நாயகிகளில் பலருக்குப் பேசிய நிக்கி வான் டெர் ஸில் பெயரை யார் சொல்கிறார்கள்? அர்சுலா ஆண்ட்ரெஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் டப்பிங் தொழில் எந்த ஊரிலும் அப்படித்தான்.

ஆக, ஒரு நடிகர் இதற்குச் சரிப்படுவாரா என்று பார்க்க இரண்டு சோதனை வைத்துக்கொள். ஒன்று, 'மிஸ்டர் பாண்ட்' என்று சொல்லச் சொல்லு. மகரம் ஒரு தடவை, பகரம் ஒரு தடவை, உதடு இரண்டு முறை மூடும். மற்ற எழுத்துகள் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் லிப் சிங்க்கில் சமாளிக்கலாம். உதடு மூடுகிற இடம் மூன்று ஃப்ரேம் தள்ளினால் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரிந்துவிடும். அதனால் அந்த இரண்டு வார்த்தையை அவர் எங்கே நிறுத்தி, எவ்வளவு நேரம் உதட்டை மூடி வைத்துச் சொல்கிறார் என்று கவனி. அந்த மூடிய நேரத்தில்தான் வில்லன் இருக்கிறான்.

இரண்டாவது, 'சாப்பிட்டீங்களா?' என்று மூன்று தடவை கேட்கச் சொல்லு. முதல் தடவை நிஜமான அக்கறையோடு. அடுத்தது கடமைக்கு. மூன்றாவது, சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டு. மூன்றாவதில் முகமோ சுருதியோ மாறினால் அவரை அனுப்பிவிடு. இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யோசித்துப் பார், பாண்ட் தங்கள் இடத்துக்கு வந்ததும் இந்த வில்லன்கள் என்ன செய்கிறார்கள்? டாக்டர் நோ விருந்து வைத்தார். கோல்ட்ஃபிங்கர் குதிரைப் பண்ணையில் மின்ட் ஜூலெப் என்ற விஸ்கி பானம் கொடுத்தார். டிராக்ஸ் வெள்ளரிக்காய் சான்ட்விச்சை உபசாரம் பண்ணினார். கமல் கான் ஆட்டுத்தலையே பரிமாறினார். முதல் வேலை உபசாரம்.

அந்தக் குரலை எப்படி எடுப்பது என்றும் சொல்கிறேன், உன் நண்பர்கள் யாராவது செய்து பார்க்கட்டும். முக்கால்வாசி மூச்சை வெளியே விட்டுவிட்டு, மீதி கால்வாசியில் பேச வேண்டும். கத்தும்போது மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நிற்போம், இதற்கு நாலு விரல்கடை. அவ்வளவு கிட்டே போனால் பகரம் வெடிக்கும், அதனால் வாயை லேசாகப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். வாக்கியத்தின் கடைசி வார்த்தையைக் கீழே இறக்க வேண்டும், கேள்வியாக இருந்தாலும். சிரிக்கக் கூடாது. சிரித்தால் கன்னம் இழுத்துக் குரலில் வெளிச்சம் வந்துவிடும். மிக்கல்சன் 2006-இல் 'கேசினோ ராயல்' வில்லனாக நடுவே இன்ஹேலரை உறிஞ்சுவார் பார், அந்த ஒரு சத்தத்திலேயே இவனுக்கு மூச்சு குறைவு என்று தெரிந்துவிடும். கண்ணில் வழியும் ரத்தத்தைவிட எனக்கு அதுதான் பயம். பார்டெம் 2012-இல் 'ஸ்கைஃபால்' வில்லனாகக் கிட்டத்தட்டப் பாதிப் படம் போன பிறகுதான் வருகிறார். லிஃப்டிலிருந்து இறங்கி, அந்த நீள ஹாலின் கோடியிலிருந்து எலிக் கதை சொல்லிக்கொண்டே கட் இல்லாமல் நடந்து வருவார். தூரத்தில் இருக்கிறோமே என்று ஒரு இடத்திலும் சத்தம் கூட்டமாட்டார். அவருக்கும் பாண்டாக நடித்த கிரெய்குக்கும் ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் வயசு வித்தியாசம், அதனால் அந்த உரிமைப் பேச்சும் ஒட்டியது.

வயசு ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 படம் இருக்கிறது. வில்லனாக வந்த ரமி மாலெக் நல்ல நடிகர். ஆனால் கதைப்படி நாயகி லியா செடூ சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவள் அம்மாவைக் கொன்றவன் அவன். நிஜத்தில் இருவருக்கும் நாலு வயசுதான் வித்தியாசம். அந்தக் காட்சியில் முகமூடி போட்டு மறைத்தார்கள், அப்புறம் முகமூடியைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? உன் ஐந்தாவது ஆளுக்கும் இதே சிக்கல் வரும். கதை எழுதும் முன்பே வயசுக் கணக்குப் போடு. முகத்தில் தழும்பு வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதையும் விட்டுவிடு. தழும்புள்ள வில்லன் படங்களுக்குப் பணம் தரமாட்டோம் என்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2018-இலேயே சொல்லிவிட்டது. நிஜத் தழும்போடு தெருவில் நடக்கிறவர்கள் எத்தனை பேர்! நடிகருக்குக் குரல் இருந்தால் தழும்பு எதற்கு? யான் வெரிக் ப்ளோஃபெல்டாக வந்து நின்றபோது கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி இருக்கிறார் என்று மாற்றி, டொனால்ட் ப்ளெஸன்ஸை அழைத்துத் தழும்பு வரைந்தார்கள். அவர் கண்ணுக்கும் குரலுக்கும் அது தேவையே இல்லை.

ஆறாவது ஃபகத். சந்தோஷம், பெருமை, எல்லாம் சரி. ஆனால் 1982-இல் ஒரு பாண்ட் படத்தை உதய்பூரில் எடுத்தபோது நம் பக்கத்துக்கு என்ன கிடைத்தது? கபீர் பேடிக்கு உள்ளங்கையில் தாயக்கட்டையைப் பொடியாக்கும் அடியாள் வேஷம், நம்ம ஊர் விஜய் அமிர்தராஜுக்கு டென்னிஸ் மட்டையோடு ஒரு உதவியாள் வேஷம். ஃபகத்தைக் கூப்பிட்டால் நாற்காலியோடு கூப்பிடட்டும்.

ஹாங்காங் நடிகர் டோனி லியூங் சரி. அவரை வைத்துக்கொள். அவருக்கு நீள வாக்கியம் எழுதாதே, நாலு வார்த்தை போதும், மீதியைக் கண் பேசும். டெனி வில்னெவ் அடுத்த பாண்ட் படத்தை இயக்குகிறார் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள் அல்லவா, அவர் மௌனத்துக்குப் பயப்படாதவர்.

என்னுடைய பட்டியலில் முதல் பெயர் ஜெர்மன் நடிகை ஸாண்ட்ரா ஹ்யூலர். பெண் வில்லன் புதிதில்லை, 1963-இல் லோட்டே லென்யா, 1999-இல் சோஃபி மார்சோ. 'ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' படத்தில் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம் தளபதியின் மனைவியாக வருகிறாரே, அதில் ஒரு காட்சி. மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்காரப் பெண்ணிடம், என் கணவர் நினைத்தால் உன் சாம்பலை வயலில் தூவிவிடுவார் என்கிறார். குரல் ஒரு இழைகூட ஏறாது. தட்டிலிருந்து கையும் எடுக்கமாட்டார். நான் சொன்ன அதே கால்வாசி மூச்சு.

அந்த மூச்சு எனக்கு நன்றாக வரும், தம்பி. தொழிலில் மட்டும் இல்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது பத்து நாளும் மதுவிடம் அந்த மூச்சில்தான் பேசினேன். "சாப்டியாம்மா?" "வேண்டாம்மா, நானே கழுவிக்கறேன், நீ போய்ப் படு." வார்த்தையில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்துதான் பேசினேன். உனக்குக் கேட்கவில்லை, நீ டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். அவளுக்குக் கேட்டது. மூன்றாம் நாளிலிருந்து நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே "சாப்ட்டேன் அத்தை" என்று சொல்லிவிடுவாள். அப்பா அன்றைக்கே, "ஏன் இந்தப் பிள்ளையிடம் ரெக்கார்டிங் குரலில் பேசுகிறாய்?" என்று கேட்டார். அதற்கு அவரிடம் சண்டை போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு வாய்ஸ் அனுப்பினாயே, பதினோரு வினாடி. "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று சொல்லியிருந்தாய். எப்போதும் "இருக்கோம்" என்பாய். நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். பின்னால் மின்விசிறி மாதிரி ஒரு சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அங்கே இந்தக் குளிரில் எதற்கு மின்விசிறி? ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா? ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நான் நிஜமாகத்தான் கேட்கிறேன், சாப்பிட்டாயா?

பட்டியலில் இன்னொன்று. ஸாண்ட்ரா ஹ்யூலர் என் பெயர் என்று மேலே எழுதிவிட்டேன். என்னுடையது இல்லை. பொங்கலன்று கரும்பு நறுக்கிக்கொண்டே மது சொன்ன பெயர் அது. நான்தான், யாரும்மா அது, கேள்விப்பட்டதே இல்லையே என்று சிரித்துத் தள்ளினேன். நீங்கள் ஊருக்குப் போன பிறகு தனியாக அந்தப் படத்தைப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. இதை நீ அவளிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். அவள் நம்பர் பழைய நம்பர்தானே?

அம்மா