வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலம் இங்கே வந்து இரு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், நீ கேட்ட கேள்விக்கு அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான். "ஓய்வு பெற்றதும் உங்கள் ஊருக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறோம், கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஃபிளாட் கிடைக்குமா, விலை இன்னும் ஏறுவதற்குள் வாங்கிவிடலாமா" என்று மூன்றே வரி எழுதியிருந்தாய். படித்துக் காட்டியதும் இவர், "வரச் சொல், இந்தப் பக்கமே இருக்கட்டும்" என்றார். எனக்கும் ஆசைதான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் வயதான காலத்தில் கூப்பிடு தூரத்தில் இருந்தால் வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த ஆசைக்காக உன்னிடம் எதையும் மறைத்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். அண்ணாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறியிருக்கிறது, நிறையவே. ஆனால் எதை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்று பார். இது சின்ன ஊர், ஒரு தெருவில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வீடு கைமாறினால் அதிகம். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, கடல் தெரிகிறதே என்ற மயக்கத்தில் பேரம்கூடப் பேசாமல் ஒரு வீட்டை வாங்கிவிட்டால் போதும், மறுநாளிலிருந்து அந்தத் தெருவில் எல்லாருடைய வீட்டுக்கும் அதுதான் விலை. விற்கிற எண்ணமே இல்லாதவர்கள்கூடத் தங்கள் வீடு எவ்வளவுக்குப் போகும் என்று கணக்குப் போடுகிறார்கள். தரகர் உன்னிடம் சொல்வது கேட்கிற விலை. அந்த விலைக்குப் போர்டு மாட்டிவிட்டு மாதக்கணக்கில் ஆள் வராமல் கிடக்கிற வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும். எந்த வீடு கடைசியில் என்ன விலைக்குப் போனது, அதற்கு எத்தனை மாதம் காத்திருந்தார்கள், இந்த இரண்டையும் விசாரி. அப்புறம் இன்னொரு விஷயம். இந்த மாதிரி ஊர்களில் விலை, ஊருக்குள் சம்பாதிக்கிறவர்களின் வருமானத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை. வெளியில் இருப்பவர்களின் சேமிப்போடும் வங்கி வட்டியோடும் சேர்ந்து ஏறுகிறது. வட்டி கூடினாலோ வேலைகளுக்கு ஆட்டம் வந்தாலோ, முதலில் தள்ளிப்போவது 'கடலோரமாக இன்னொரு வீடு' என்கிற எண்ணம்தான். அப்போது நமக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டு விற்க நினைத்தால் வாங்க ஆளிருக்காது. கடற்கரை வீடு என்றைக்கும் இறங்காது என்று யார் சொன்னாலும் நம்பாதே.

சரி, ஊர்ச் செய்திக்கு வருகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் இவரும் கடற்கரைத் தெருவில் ஒரு நடை போவோமே, நீயும் ஒரு தடவை கூட வந்திருக்கிறாய். அந்தத் தெருவில் பதினான்கு வீடுகள். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், ஐந்தில்தான் விளக்கு எரிந்தது. மற்றவற்றில் சில வார இறுதிக்கு மட்டும் திறக்கிற வீடுகள், சில நாள் வாடகைக்கு விடுகிற வீடுகள், இரண்டு மூன்று வாங்கிப் போட்டதிலிருந்து திறக்கப்படாமலே இருக்கின்றன. நீ வந்தபோது வாசலில் உட்கார்ந்து நம்மைக் கூப்பிட்டுப் பேசினாரே ஒரு பெரியவர், அவர் மகன் அந்த வீட்டை விற்றுவிட்டான். இப்போது அங்கே சங்கிலி போட்ட கேட்.

இதெல்லாம் ஊரில் எப்படித் தெரிகிறது என்றால், நான் வேலை பார்த்த பள்ளியில் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. பிள்ளை பெறுகிற வயதில் இருப்பவர்களுக்கு இங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. வாரக் கடைசியில் இரண்டு நாள் வாடகைக்கு விட்டாலே ஒரு குடும்பம் மாதம் முழுக்கத் தருகிற வாடகையில் பெரும்பகுதி வந்துவிடுகிறது என்றால், வீட்டுக்காரர் எதற்காகக் குடும்பத்துக்கு விடப்போகிறார்? எங்களுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு நர்ஸ் இருந்தாள். போன வருஷம் ஒரு ராத்திரி இவருக்கு நெஞ்சு வலித்தபோது, போன் வைத்த அடுத்த நிமிஷம் ஓடி வந்து நின்றவள் அவள்தான். அவள் குடியிருந்த வீட்டைச் சுற்றுலா விடுதியாக மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிற ஊரிலிருந்து வேலைக்கு மட்டும் வந்து போகிறாள். நீயும் அண்ணாவும் வயதான காலத்தில் வரப்போகிறவர்கள். கடல் தெரிகிற ஜன்னலைப் பற்றி மூன்று வரி எழுதினாய், பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு இருந்தது.

நம் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது. வெனிஸ் நகரத்தின் பழைய தீவுப் பகுதியில் 1951-இல் ஏறக்குறைய 1,75,000 பேர் குடியிருந்தார்கள், 2022-இல் அது 50,000-க்கும் கீழே வந்துவிட்டது. இங்கிலாந்தில் செயின்ட் ஐவ்ஸ் என்கிற கடலோர ஊரில் 2016-இல் ஊர்மக்களிடம் வாக்கெடுப்பே நடத்தினார்கள், இனிமேல் கட்டுகிற புது வீடுகளை நிரந்தரமாகக் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்று 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அந்த விதி பழைய வீடுகளைத் தொடவில்லை, வெளியூர்க்காரர்கள் பழைய வீட்டை வாங்கிக்கொள்ளலாம். பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிற சுமார் 10,000 ஃபிளாட்டுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024-இல் அறிவித்தது.

எங்கள் ஊரிலும் போன மாதம் சமுதாயக் கூடத்தில் இதைப் பேசக் கூட்டம் போட்டோம். காரசாரமாக இருந்தது. ஒரு பெண் எழுந்து, "நான் கீழே குடியிருந்துகொண்டு மாடியை வருகிறவர்களுக்கு விடுகிறேன், அந்தப் பணத்தில்தான் பையன் படிக்கிறான், அதையும் நிறுத்தச் சொல்கிறீர்களா" என்று கேட்டாள். கூடம் அமைதியாகிவிட்டது. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சொந்த வீட்டில் வாழ்ந்துகொண்டு ஒரு மாடியை விடுகிறவளும், ஐந்து வீடு வாங்கிப் பூட்டி வைத்திருப்பவரும் ஒன்றில்லை. விதி போடுவதானால் இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் போட வேண்டும் என்று நானும் எழுந்து சொன்னேன். முடிவு எதுவும் ஆகவில்லை, அடுத்த மாதம் மறுபடி கூடுகிறோம்.

நீ ஃபிளாட் என்று எழுதியதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு இருபத்தெட்டு வயது. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும், ஆனால் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. உப்பு, ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி சும்மா இருக்காது, இரும்பைவிடத் துரு பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் உள்ளிருந்தே பருத்துச் சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்துவிடும். எங்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில் தூண் ஓரமாக மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது, பூசிவிட்டார்கள், மறு வருஷம் அதே இடத்தில் பிளந்து பழுப்பு நிறத்தில் வடிந்தது. பூச்சை வெட்டிக் கம்பியைச் சுத்தம் செய்து முறையாகச் செய்ய வேண்டும் என்று பொறியாளர் சொன்னார். செலவைப் பங்கு போடக் கூட்டம் கூட்டினால் வந்தது பாதிப் பேர்கூட இல்லை. வராதவர்கள் யார் தெரியுமா, ஃபிளாட்டை வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர்கள்தான். அவர்களுக்குத் தூண் வெடித்தால் போன் செய்தால் போதும், நாங்கள் அதன் கீழே தூங்குகிறோம்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா கடற்கரையில், சர்ஃப்சைடு என்கிற இடத்தில் 12 மாடிக் குடியிருப்பு ஒன்றின் பெரும்பகுதி 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். கட்டி நாற்பது வருஷம். கான்கிரீட் கெட்டுப்போயிருப்பதைப் பொறியாளர் 2018-லேயே எழுதிக் கொடுத்திருந்தார், பெரிய பழுதுபார்ப்பு இழுத்துக்கொண்டே போனது. அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில், மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புகள் குறிப்பிட்ட வயதை எட்டியதும் கட்டாயம் சோதிக்கப்பட வேண்டும், பழுதுக்கான பணத்தைச் சங்கம் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் "பயமுறுத்தாதீர்கள்" என்றார். ஆமாம், கொஞ்சம் பயப்பட வேண்டும் என்றுதான் சொன்னேன். நீ எந்த ஃபிளாட்டைப் பார்த்தாலும் சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு, பாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், கடைசியாகக் கட்டடத்தைச் சோதித்த அறிக்கை எங்கே என்று கேள். வரவேற்பறையின் பளிங்குக் கல்லைப் பார்க்காதே, வண்டி நிறுத்துமிடத்துத் தூணைப் பார்.

தண்ணீர்க் கதையும் இருக்கிறது. நீ வந்தபோது எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு இனிக்கிறது என்றாய். இப்போது அதில் துணிக்குப் போடுகிற சோப்புக்கூடச் சரியாக நுரைப்பதில்லை. கடலோரத்தில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் போட்டுப் பார், மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே உப்பு நாற்பது மீட்டர் ஏறி வரும். பூட்டிய வீடுகளின் புல்தரைக்கும் நீச்சல் குளத்துக்கும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை உப்பேறிவிட்டால் மழை பெய்து அதை வெளியே தள்ளப் பல வருஷம் ஆகும்.

கடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, அதில் 2006-லிருந்து 2018 வரை வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வேகத்தில் உயர்ந்தது என்று ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் அறிக்கை சொல்கிறது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் தாழ்வான மணல் கரையில் அது உள்ளே நகர்ந்து வருகிற தூரம் அதிகம். வடக்குப் பக்கம் கல்சுவர் போட்டார்கள். சுவருக்குப் பின்னால் இருக்கிற வீடுகள் தப்பின, சுவருக்கு முன்னால் இருந்த மணல் போய்விட்டது, சுவர் முடிகிற இடத்துக்கு அடுத்த குப்பத்தில் கரை அரித்துக்கொண்டு வருகிறது. படகு ஏற்றவும் வலை காயப்போடவும் இடமில்லை என்று அங்கே இருப்பவர்கள் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு விளம்பரத்தில் 'பாதுகாப்பான கடற்கரை' என்று போடுகிறார்களே, அந்தப் பாதுகாப்பை யாரோ வேறொருவர் சுமக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பத்திரம் சரியாக இருக்கிறது, வரி கட்டியிருக்கிறது என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதே. கேரளாவில் மரடு நினைவிருக்கிறதா? நீர்நிலைக்குப் பக்கத்தில் கடலோர விதியை மீறிக் கட்டிய நான்கு குடியிருப்புகளை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட ஃபிளாட்டுகள். வாங்கிக் குடியிருந்தவர்கள் எல்லா வரியும் கட்டியவர்கள். கரையிலிருந்து எத்தனை மீட்டர், கட்ட அனுமதித்தது யார், அந்த அனுமதியைத் தர அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்பதுவரை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டு.

இவ்வளவு சொல்லிவிட்டு வராதே என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்காதே. வா. ஆனால் வாங்காமல் வா. முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இரு, அதில் மழைக்காலமும் புயல் காலமும் கட்டாயம் சேர்ந்திருக்கட்டும். சீசனில் பார்த்து வாங்கியவர்கள்தான் மழையில் பூட்டிக்கொண்டு போகிறவர்கள். வாங்குவதானால் கரையை ஒட்டி வேண்டாம், எங்களைப் போல இரண்டு மூன்று தெரு உள்ளே, கொஞ்சம் மேடான இடமாகப் பார். கடல் ஜன்னலில் தெரியாது, ஐந்து நிமிஷம் நடந்தால் போதும். வாங்கிய பிறகு இங்கேயே இருக்க வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் ஆறு மாதம் பூட்டி வைக்கப் போகிறாய் என்றால் அதை இப்போதே சொல், அந்த ஆறு மாதத்துக்கு ஒரு குடும்பத்தைக் குடிவைக்க முடியுமா என்று பார்க்கலாம். அந்த நர்ஸை நினைத்துதான் சொல்கிறேன்.

எங்கள் பின் தெருவில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது, வீட்டுக்கார அம்மா குடும்பத்துக்குத்தான் விடுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். உனக்காக ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் ரொம்ப நாள் நிற்காது. வீடு பார்க்க வரும்போது எங்களோடு தங்கு. பின்பக்க அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று, பழையது துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. எந்த வாரம் வருகிறாய் என்று எழுது, அண்ணாவுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா.

உன் அன்புத் தோழி