2024-25 ஆண்டறிக்கை: பட்டறை உரிமையாளர்கள் சங்கச் செயலாளர் பொதுக்குழு முன் வைத்தது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பட்டறை வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆயுத பூஜை சங்க அலுவலகத்தில் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. மின்சார நிலைக்கட்டணத்தைக் குறைக்கக் கோரி மனு கொடுத்தோம்.

இனி பட்டறைப் பையன்களுக்குக் கைப்பேசி வழியாக நடத்தும் பயிற்சித் திட்டம். இதற்கு எதற்கு இவ்வளவு நேரம், யூடியூபில் இல்லாத வீடியோவா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கோவையில் ஜாப் ஆர்டர் (பிறர் கேட்கும் அளவில் உதிரிபாகம் செய்து தரும் வேலை) எடுக்கும் நம் போன்ற பட்டறைகளில் ஜாப் திரும்பி வருவதற்கு அளவெடுப்பதில் நேரும் தவறு ஒரு முக்கியக் காரணம். நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கையால் சுழற்றும் பகுதியான திம்பிள் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர்தான் நகரும். சுழலாத பகுதியான ஸ்லீவில் அரை மில்லிமீட்டரைக் காட்டும் அரைக்கோடு வெளியே தெரிவதைக் கவனிக்காத பையன் 12.78-ஐ 12.28 என்று எழுதிவிடுவான். வகுப்பில் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினாலும் இந்தத் தவறு போகாது. அதனால் எங்கள் பாடம் விளக்கத்தில் தொடங்குவதில்லை. கைப்பேசியில் முதலில் ஒரு போட்டோ வரும். அளவு என்ன என்று கேட்கும். அவன் பதில் அனுப்பிய பிறகுதான் அரைக்கோட்டைச் சுட்டிக்காட்டும் மூன்று நிமிட வீடியோ. மறுநாள் வேறொரு போட்டோ, அடுத்த வாரம் இன்னொன்று. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து எழுதிவிட்டார். இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுக்க வைத்தால்தான் நிற்கும். வட மாநிலத் தொழிலாளர்களுக்காக அதே பாடத்தை இந்தியிலும் பேசிப் பதிவு செய்தோம். திரையில் உள்ள வரிகளையே குரலும் வாசிக்கும் முறையைத் தவிர்த்தோம். கண் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் இழுக்கும்.

வீடியோ பாதி வேலைதான். மீதி மெஷின் பக்கத்தில் நடக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்கள் குவிந்தபோது போர்மேன்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இன்றும் செல்லும். ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவனைச் செய்யவிட்டு ஏன் என்று சொல்லவும் வை, பிறகும் போய்ப் பார். தொழிலாளி கற்கவில்லையென்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்பது அவர்கள் வைத்திருந்த வாசகம்.

அந்தக் கடைசிப் படிக்குத்தான் ஆளில்லை. பாடம் அனுப்பப் பையனின் கைப்பேசி நம்பரைக் கொடுத்த உறுப்பினர்கள் பலர், ஷிப்ட் தொடக்கத்தில் போர்மேனுக்குப் பத்து நிமிடம் கொடுக்கவில்லை. போர்மேன்களுக்கென வைத்த ஞாயிறு வகுப்பில் நாற்காலிகள் காலியாக இருந்தன. கற்றுக்கொடுத்தால் பக்கத்துப் பட்டறைக்கு ஓடிவிடுவான் என்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் கற்காத ஆளை வைத்துக்கொண்டு மெட்டீரியலைக் குப்பையில் போடுவதும் நம் காசுதான். வகுப்புக்கு வந்த பட்டறைகளின் முதலாளிகள் ரிஜெக்ஷன், அதாவது அளவு தவறிக் கழிக்கப்படும் ஜாப், குறைந்ததாகச் சொல்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் 'மிக நன்று' என்று நிரப்பித் தரும் படிவத்தைவிட அந்த ஒரு சொல்லையே நான் நம்புகிறேன்.

வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டு உங்கள் கையில் இருக்கிறது. சந்தா ஓரளவு வந்தது. கணிசமான பாக்கி நிற்கிறது, சிலருடையது இரண்டாம் ஆண்டாக. பாட வீடியோக்களைப் பதிவு செய்த செலவின் ஒரு பகுதியைச் செயற்குழுவினர் தாமாக ஏற்றுக்கொண்டதால்தான் கையிருப்பு குறையாமல் இருக்கிறது.

வகுப்புக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், இந்திக் குரல் கொடுத்த தம்பிக்கும், தணிக்கையாளருக்கும், அலுவலக உதவியாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு டூல் ஆஃப்செட் கொடுப்பது, அதாவது வெட்டும் டூல் எங்கே நிற்க வேண்டும் என்ற அளவை மெஷினில் பதிவது, பற்றிய பாடம் தயாராகிறது. ஆஃப்செட்டில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் டூல் போய், ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் மோதும். இதைக் கைப்பேசியில் மட்டும் கற்றுக்கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. பட்டறைக்கு ஒரு போர்மேனைத் தருவதாக உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தால் தொடங்குகிறேன். இல்லையென்றால் இந்தப் பொறுப்பை இளையவர் ஒருவரிடம் ஒப்படைப்பதே முறை என்று செயற்குழுவிடம் சொல்லியிருக்கிறேன். பெயர் கொடுக்கும் நோட்டு மேடை அருகே இருக்கிறது. பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்