பூனை வாடைக்கு எலி அஞ்சும், ஆனால் வளையைக் காலி செய்யாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலித் தொல்லை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பூனை மலம் கலந்த மணலை வளை வாயில் கொட்டச் சொல்கிறது. எலிக்குப் பூனை வாடை பயம் என்பது சரி. அந்தப் பயத்தை நம்பிச் சொன்ன வழிதான் தவறு.

பல தலைமுறைகளாக ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்து, பூனையைப் பார்த்தேயிராத வெள்ளை எலிகூட அந்த வாடைக்கு அஞ்சும். ஒளிய ஒரு பெட்டி இருந்தால் உள்ளே புகுந்து தலையை மட்டும் நீட்டும். இல்லையென்றால் அசையாமல் நிற்கும், அல்லது உடலைத் தரையோடு நீட்டி மோந்துவிட்டுப் பின்வாங்கும். தின்பதும் மயிரை நக்கிச் சீர்செய்வதும் குறைந்துபோகும். இது கற்று வந்த பயமல்ல. மூக்கின் அடியில் வாடையை உணரும் வோமரோநேசல் உறுப்பிலிருந்து, மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலாவின் உட்பகுதி வழியாக, உடலின் எதிர்வினைகளை இயக்கும் ஹைப்போதாலமஸ் பகுதிக்குப் போகும் பாதை பிறவியிலேயே அமைந்திருக்கிறது.

ஆனால் எல்லாப் பூனை வாடையும் ஒன்றல்ல. எலியை நன்றாக அச்சுறுத்துவது பூனையின் தோல், மயிர் வாடை. அதனால்தான் ஆய்வுகளில் பூனை பல நாள் அணிந்த கழுத்துப்பட்டையையோ, பூனை மேல் தேய்த்த துணியையோ வைக்கிறார்கள். அந்த வாடை வந்த கூண்டில் மறுநாள் வாடையே இல்லாமல் விட்டாலும் எலி பயப்படும். மலத்தில் இது நடப்பதில்லை: இருக்கும்வரை ஒதுங்கும், அந்த இடத்தை நினைவில் வைத்து அஞ்சாது. வோமரோநேசல் உறுப்புக்குப் போகும் புரதங்கள் காற்றில் பரவுவதும் இல்லை. எலி நெருங்கி மூக்கை வைத்தால்தான் உள்ளே போகும். ஆக, எலி மூக்கை வைக்காதவரை கொட்டிய மணல் அந்தப் பாதையைத் தொடுவதே இல்லை.

நரி வாடை என்று சொல்லப்படும் டிரைமெத்தில்தையசோலின் வேறு கதை. நரி மலத்தில் கண்டெடுத்த இந்தப் பொருளுக்கு எலி உறைந்து நிற்கும். அது வேட்டை விலங்கின் வாடை என்பதாலா, வெறும் நெடி தாங்காமலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதனால் இதைச் சோதிக்கும்போது ஒப்பீட்டுக்கு பியூட்டிரிக் அமிலம் போல, நாற்றம் மட்டும் உள்ள இன்னொரு பொருளையும் வைத்துப் பார்க்க வேண்டும். அது இல்லாத சோதனையை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். பூனைத் துணிக்கும் அப்படியே: பூனை படாத அதே துணி ஒன்று வேண்டும், அதை முதலில் சோதிக்க வேண்டும். வரிசை மாறினால் கூண்டில் ஒட்டிய வாடை எல்லா முடிவையும் கெடுத்துவிடும். வீட்டில் பூனை வளர்ப்பவர் எலியைக் கையாளக் கூடாது. ஆண்களின் உடல் வாடையே எலிகளுக்கு மன அழுத்தம் தருவதாக 2014இல் ஓர் ஆய்வு காட்டியது; கையாளும் ஆளைப் பாதியில் மாற்றாமலிருப்பது நல்லது.

சரியான வாடை கிடைத்தாலும் பயம் நிலைக்காது. பின்னால் பூனை வராத வாடையைத் திரும்பத் திரும்ப மோந்தால் எலி சில நாட்களில் பழகிவிடும். உயிருள்ள பூனையே பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. நியூயார்க் புரூக்ளினில் கழிவு மறுசுழற்சி மையம் ஒன்றில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். அங்கே திரிந்த பூனைகள் கொன்றது இரண்டே எலிகள். மற்றவை வெளியே தலைகாட்டுவதைக் குறைத்துக்கொண்டு மறைவிடங்களில் நடமாடின. பூனையால் எலி ஒழிந்தது என்று பலர் நினைப்பது இதைப் பார்த்துத்தான்.

கட்டுரை சொல்லாமல் விட்டது இன்னொன்று. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம். வெளிவந்து 1 முதல் 5 நாட்களில் அவை தொற்றும் நிலைக்கு வரும், ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் கருவைத் தாக்கலாம். இதே ஒட்டுண்ணி தொற்றிய எலிக்குப் பூனை வாடை மேலுள்ள பயமே குறைந்துவிடும் என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. எலியை விரட்டக் கொட்டும் மணலே அந்தத் தொற்றை எலிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

எலி நுழையாதிருக்க 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எல்லா ஓட்டையையும் உலோக வலையும் சிமெண்டும் கொண்டு அடைக்க வேண்டும். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் ஓட்டையே போதும். இரவில் தீனி எட்டாதபடி மூடி வைக்க வேண்டும். இதையெல்லாம் வெளியிட இடமில்லை என்றாலும், கர்ப்பிணிகள் அந்த மணலைத் தொடக் கூடாது என்ற ஒரு வரியையாவது அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்