வயலை மூடினால் வெள்ளம் எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு வெள்ளவத்தை நெரிசல் தாங்காமல்தான் நகருக்கு வெளியே தலங்கமப் பக்கம் குடிவந்தோம். காலையில் வயல் வரம்பில் கொக்கு நிற்கும், பின்வளவுப் பலாமரத்தில் மந்தி தாவும். இப்போது இரவு பத்து மணிக்குப் பிறகு டிப்பர் வருகிறது. போன மாதம் எங்கள் ஒழுங்கை முடிவில் இருந்த வயல் துண்டில் செம்மண்ணைக் கொட்டி மட்டமாக்கிவிட்டார்கள், அடுத்த மழைக்கே முழங்கால் தண்ணீர் எங்கள் கேற்றுக்குள் வந்துவிட்டது.

தலங்கமக் குளச்சூழலை 2007இலேயே பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தாயிற்று, 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற பெயரும் கிடைத்தது. பெயர் பலகையில் இருக்கிறது, வயல்தான் குறைகிறது. 2016 மே மாத வெள்ளத்தில் கொழும்பை அடுத்த கொலன்னாவையில் வீடுகள் மூழ்கியதை அதற்குள் மறந்துவிட்டோமா?

வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் வந்து கட்டியவன்தானே. மேட்டுக்காணியில் கட்டட்டும், சரி. தாழ்நிலத்தை நிரப்ப அனுமதி கொடுப்பதற்கு முன்னர் எந்தத் துண்டை நிரப்பப் போகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், தமிழிலும்.

வயலோர வாசகன்,
தலங்கம.